அங்காடிப் பேச்சு: மட்டாஞ்சேரியில் மரபுத்தொடர்களின் பொருளும் புழக்கமும்

சொற்களைத் தனித்தனியே பிரித்துப் பொருள் கண்டு, பிறகு கூட்டிப் பார்த்தாலும் கிடைக்காத பொருளைத் தரும் தொடரே மரபுத்தொடர். தமிழில் இதைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை, தண்ணீர் போதும். ஒருவரைக் 'கை கழுவிவிட்டான்' என்றால் அவரைக் கைவிட்டுவிட்டான் என்று பொருள். 'தலை முழுகிவிட்டான்' என்றால் உறவையே அறுத்துக்கொண்டான் என்று பொருள். 'கால் கழுவி வந்தான்' என்பது கழிப்பிடம் போய்வந்ததைச் சபையில் நாகரிகமாகச் சொல்லும் பழைய முறை. 'முகம் கழுவினான்' என்றால் முகம் கழுவினான், அவ்வளவுதான். நான்கும் உடலில் தண்ணீர் படுவதைச் சொல்பவை. அவற்றுள் மூன்றுக்கு மட்டும் வேறு பொருள் வந்து சேர்ந்ததற்கும், முகத்துக்கு வராததற்கும் இலக்கண விதி எதுவும் இல்லை. கேட்கிறவரும் சொல்கிறவரும் ஒரே பழக்கத்தில் வளர்ந்தவர்கள் என்பதுதான் காரணம். இந்தத் தொடர்களின் பொருள் சொற்களுக்குள் இல்லை. பேசுகிற கூட்டத்தின் பழக்கத்தில் இருக்கிறது.

தமிழ் இலக்கணிகள் இந்தப் பழக்கத்துக்கு 'மரபு' என்று பெயரிட்டார்கள். உயர்ந்தோர் எப்பொருளை எச்சொல்லால் எப்படிச் சொன்னார்களோ அப்படியே சொல்வது மரபு என்பது நன்னூலின் நிலை. யானைக்குக் கன்று, புலிக்குப் பறழ் என்று இளமைப் பெயர்களை வரையறுக்கும் தொல்காப்பிய மரபியலும் இதே நிலையில்தான் நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என்று பிரித்தார். தகுதி வழக்கில் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்ற மூன்றை வைத்தார். மேலே சொன்ன 'கால் கழுவுதல்' இடக்கரடக்கலுக்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. சுடுகாட்டை நன்காடு என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் குழூஉக்குறி. இன்றைய பாடநூல்கள் சொல்லும் மரபுத்தொடர் இந்த மூன்றையும்விட அகலமானது. ஆனாலும் அன்றைய பகுப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. தொடர் என்ன பொருள் தருகிறது என்று மட்டும் பார்க்காமல், எதற்காக அப்படிச் சொல்லப்படுகிறது, யாருக்குள் சொல்லப்படுகிறது என்பதைக் கொண்டு அது பிரிக்கிறது. பிற்காலப் பாடநூல்கள் மரபுத்தொடர்களை வெறும் பட்டியலாக்கி மனப்பாடத்துக்குக் கொடுத்தபோது தொலைந்தது இந்தப் பார்வைதான்.

மரபுத்தொடர் எவ்வளவு இறுகியது என்பதைச் சின்ன மாற்றங்களைச் செய்து சோதிக்கலாம். 'காலை வாரிவிட்டான்' என்றால் நம்பவைத்துக் கெடுத்தான் என்று பொருள். 'கால்களை வாரிவிட்டான்' என்று பன்மையாக்கியதும் துரோகம் போய் மல்யுத்தம் வந்துவிடுகிறது. 'கை கழுவினான்' என்பதோடு ஐ உருபைச் சேர்த்துக் 'கையைக் கழுவினான்' என்றால் சாப்பாடு முடிந்தது என்றே கொள்வார்கள். ஆனால் 'காலை வாரினான்' என்பதில் அதே ஐ இருந்தே தீர வேண்டும். ஒரு தொடரில் உருபு கூடாது, இன்னொன்றில் உருபு இல்லாமல் முடியாது. சில தொடர்கள் எதிர்மறையில் மட்டுமே உயிரோடு இருப்பவை. 'ஈ காக்கை இல்லை' என்று சொல்லலாம். 'ஈ காக்கை இருந்தது' என்றால் உண்மையிலேயே ஈயும் காக்கையும் இருந்திருக்க வேண்டும். 'மருந்துக்குக்கூட இல்லை' என்பதும் அப்படியே. வேறு சில, தனியே வழக்கிழந்த சொற்களுக்குப் புகலிடம் தருகின்றன. கங்கு என்ற சொல்லைக் கரை என்ற பொருளில் இன்று யாரும் தனியாகப் பேசுவதில்லை. 'கங்குகரை இல்லாத மகிழ்ச்சி' என்பதற்குள் அது பத்திரமாக இருக்கிறது. 'பட்டிதொட்டி'யில் உள்ள தொட்டியும் அப்படித்தான்.

இவ்வளவு இறுக்கமான தொடரைக் கேட்கிறவர் முதலில் நேர்ப்பொருளை எடுத்து, அது பொருந்தவில்லை என்று கண்டு, பிறகு மரபுப் பொருளுக்குப் போகிறார் என்றே வெகுகாலம் எண்ணப்பட்டது. 1979இல் உளமொழியியல் ஆய்வாளர்களான டேவிட் ஸ்வின்னியும் ஆன் கட்லரும் செய்த சோதனைகள் இதை மறுத்தன. பழகிய மரபுத்தொடரை அடையாளம் காண்பது அதே அமைப்புள்ள சாதாரணத் தொடரைக் காண்பதைவிட விரைவாக நடக்கிறது என்பது அவர்கள் கண்டது. அதாவது மரபுத்தொடர் மனத்தில் ஒரே நீண்ட சொல்லாகப் படிந்திருக்கிறது என்பது அவர்கள் கருத்து. சொந்த மொழியில் இது வசதி. பக்கத்து மொழியில் இதுவே வழுக்கும் படி. தன் மொழியின் தொடரைப்போலக் காதில் விழுந்ததும் கேட்கிறவரின் மனம் தன் பொருளை எடுத்துவைத்துவிடும். மொழிகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு ஆபத்து.

இதைப் பார்க்கக் கொச்சியின் மட்டாஞ்சேரியைப்போல இன்னோர் ஊர் கிடைப்பது அரிது. நடந்தே சுற்றிவிடக்கூடிய பரப்புக்குள் ஒரு டஜனுக்கு மேற்பட்ட மொழிகள் வீட்டுமொழிகளாக வாழ்ந்த துறைமுக ஊர் அது. கோவாவிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் வந்து திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றிக் குடியேறிய கௌட சாரஸ்வதரின் கொங்கணி, குஜராத்தி சாலை வணிகர்களின் குஜராத்தி, மேமன்களின் கச்சி, தக்கினி உருது, மராத்தி, கன்னடம், தெலுங்கு என்று அந்தப் பட்டியல் நீளும். 1568இல் எழுந்த பரதேசி யூதக் கோயிலைச் சுற்றி யூதத் தெரு. யூதர்கள் வீட்டில் பேசியது எபிரேயச் சொற்கள் கலந்த மலையாளம். தமிழும் உண்டு: தமிழ்ப் பிராமணக் குடும்பங்கள், செட்டிமார், அடுத்துள்ள ஃபோர்ட் கொச்சியின் சலவைக்கூடத்தில் இன்றும் தொழில் செய்யும் வண்ணார் குடும்பங்கள். வண்ணார்களின் முன்னோரை டச்சுக்காரர்கள் தங்கள் படையின் துணிகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவந்தார்கள் என்பது ஊர் சொல்லும் வரலாறு. எல்லாருக்கும் பொதுவாகத் தெருவில் புழங்குவது மலையாளம்.

பல மொழிகள் ஒரே இடத்தில் இருந்தால் பெயர்கள் எளிதாகக் கைமாறும். இதற்குக் கொச்சியே பெரிய சான்று. டச்சு ஆளுநர் வான் ரீடு இங்கிருந்தபோது தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 தொடங்கி 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி அறிஞர்களும் செடிகளின் பெயரையும் குணத்தையும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது போர்ச்சுகீசியம் வழியாக லத்தீனுக்குப் போனது. இத்தனை கை மாறியும் செடியின் பெயர் செடியைச் சுட்டியது. கண்முன்னே செடி இருந்ததால் தவறு நேர்ந்தாலும் திருத்த முடிந்தது. மரபுத்தொடருக்கு அப்படிச் சுட்டிக்காட்ட வெளியே ஒரு பொருள் கிடையாது. அதனால் சொற்கள் கடல் கடக்கும் வேகத்தில் தொடர்கள் கடப்பதில்லை. போர்ச்சுகீசியர் மேசையையும் ஜன்னலையும் அலமாரியையும் ஏலத்தையும் விட்டுச்சென்றார்கள். அவர்களுடைய மரபுத்தொடர் என்று அடையாளம் சொல்லும்படி பொதுப்பேச்சில் எதுவும் தங்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் கொடுத்த ஏலத்தைக் கொண்டு நம் மக்கள் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். 'குடும்ப மானத்தை ஏலம் விட்டுவிட்டான்' என்பது தமிழ் மண்ணில் உருவான தொடர். அதிலுள்ள ஏலம் மட்டுமே கப்பலில் வந்தது. கொச்சியில் பிறந்த போர்ச்சுகீசியக் கலப்புமொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 2010இல் வைப்பின் தீவில் காலமானார். அந்த மொழிக்கே உரிய தொடர்கள் அவரோடு போயின. சொற்கள் இன்னும் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன.

மலையாளத்தில் மரபுத்தொடருக்கு 'சைலி' என்று பெயர். மட்டாஞ்சேரியின் தெருவமைப்பைப் பார்த்தால், சில சைலிகள் இங்கேயே உட்கார்ந்து எழுதப்பட்டவைபோலத் தோன்றும். 'அரமனரகஸ்யம் அங்ஙாடிப்பரஸ்யம்' என்பது ஒன்று. அரண்மனைக்குள் ரகசியம் என்று காக்கப்படுவது கடைத்தெருவில் ஊரறிந்த செய்தி என்பது பொருள். போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் கொச்சி அரசருக்குக் கட்டிக்கொடுத்து, பின்னர் டச்சுக்காரர் செப்பனிட்டதால் டச்சு அரண்மனை என்று பெயர்பெற்ற கட்டடம், யூதத் தெருவின் கடைகளுக்கு அடுத்தே நிற்கிறது. இடையில் ரகசியம் தங்க இடமே இல்லை. 'அங்ஙாடியில் தோற்றதினு அம்மயோடு' என்பது இன்னொன்று. சந்தையில் தோற்றவன் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கோபத்தைக் காட்டுகிறான். வெளியில் பட்ட அவமானத்துக்கு வீட்டில் பழி தீர்க்கிறவர்களைச் சொல்வது. ஊரறிந்த செய்தியை 'அங்ஙாடிப்பாட்டு' என்பதும் உண்டு. அங்காடி என்ற சொல் தமிழில் எழுத்து வழக்கில் மட்டும் நின்றுவிட்டது. மலையாளத்தில் அது பேச்சிலும், கொச்சங்ஙாடி என்ற மட்டாஞ்சேரிப் பகுதியின் பெயரிலும் உயிரோடு இருக்கிறது.

சரக்குக் கிடங்குகளின் வாசனையும் பேச்சில் உண்டு. மட்டாஞ்சேரியின் பாண்டகசாலைகளில் மிளகுக்கு அடுத்து அதிகம் மணப்பது சுக்கு. மலையாளத்தில் சுக்குக்கு இரண்டு வேலை. 'சுக்கில்லாத்த கஷாயமில்ல' என்றால் எதிலும் தலையிட்டு எங்கும் முன்னிற்கும் ஆள் என்று பொருள். பாராட்டாகவும் சொல்லலாம், குத்தலாகவும் சொல்லலாம். மற்றொன்று இதற்கு நேர் எதிரானது. 'அவனு ஒரு சுக்கும் அறியில்ல' என்றால் அவனுக்கு ஒன்றுமே தெரியாது. எல்லாக் கஷாயத்துக்கும் இன்றியமையாத பொருளே ஒன்றுமில்லாமையின் அளவுகோலாகவும் ஆகிறது. தமிழிலும் சுக்குக்கு மதிப்பு உண்டு; சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய சாமியில்லை என்பார்கள். ஆனால் சுக்கைக் கொண்டு இன்மையைச் சொல்லும் வழக்கம் தமிழில் இல்லை. அந்த வேலையைத் தமிழில் மருந்தே செய்கிறது: 'மருந்துக்குக்கூட இல்லை.' இதற்கு நடுவில் 'சுக்குநூறாக உடைந்தது' என்ற தமிழ்த் தொடர் வந்து குழப்பும். அது துண்டு என்னும் பொருள்கொண்ட வேறு சுக்கு. சுக்கல் என்பதன் உறவு. கிடங்கிலுள்ள சுக்கோடு அதற்குத் தொடர்பில்லை.

துறைமுக ஊர் என்பதால் கப்பல் தொடர்கள் கொச்சியில் நிறைய இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 'கள்ளன் கப்பலில் தன்னெ' என்பது உண்டு. திருடன் வெளியே இல்லை, நம் கப்பலிலேயே இருக்கிறான் என்பது. ஆனால் 'மானம் கப்பலேறிற்று' என்பதைக் கடலைப் பார்த்தறியாத தமிழ்க் கிராமமும் சொல்கிறது, கொச்சியும் சொல்கிறது. கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தவனிடம் 'கப்பலா கவிழ்ந்துவிட்டது?' என்று கேட்கும் தமிழ்ப் பாட்டிகளில் பெரும்பாலோருக்குக் கப்பல் வணிகம் எதுவும் கிடையாது. இன்னும் தெளிவான சான்று ஒரு பழமொழி இணை. வேலை எல்லாம் ஓய்ந்த பிறகு நல்ல காரியம் செய்யலாம் என்றிருந்தால் அது நடக்கவே நடக்காது என்பதை மலையாளம் 'அலக்கொழிஞ்ஞிட்டு காசிக்கு போகான் நேரமில்ல' என்று சொல்கிறது. துணி வெளுக்கும் வேலை ஓய்ந்து காசிக்குப் போக நேரம் வராது. தமிழ் இதையே அலை ஓய்ந்து கடலாடுவது உண்டா என்று கேட்கிறது. கடற்கரை நெடுக வாழும் மலையாளிகள் சலவைத் துறையை எடுத்துக்கொள்ள, தமிழ் கடலை எடுத்துக்கொண்டது. ஒரு மக்களின் மரபுத்தொடர்களைப் பார்த்தால் அவர்கள் வாழ்க்கை கண்ணாடிபோலத் தெரியும் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அந்தக் கூற்றைப் பாதிக்கு மேல் நம்பக் கூடாது. படிமம் எங்கிருந்தோ வரும். நிலைப்பது வாய்க்கு வசதியாக இருப்பதால்.

வாய்க்கு வசதி என்பதில் எதுகைக்குப் பெரும்பங்கு உண்டு. கொச்சியைப் பற்றி எல்லாரும் அறிந்த மலையாளப் பழமொழி, கொல்லம் கண்டவனுக்கு இல்லம் வேண்டாம், கொச்சி கண்டவனுக்கு அச்சி வேண்டாம் என்பது. அச்சி என்றால் இங்கே மனைவி. கொல்லத்துக்கு இல்லமும் கொச்சிக்கு அச்சியும் ஏன் அமைந்தன என்பதற்குச் சமூகவியல் காரணம் தேடுவது வீண். ஒலி கேட்டது, சொல் வந்தது. தமிழின் அக்கம்பக்கம், ஈடிணை, தங்குதடை முதலிய இணைமொழிகளும் ஒலியால் பிணைந்தவைதான்.

தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையில் மரபுத்தொடர்கள் மூன்று விதமாக நிற்கின்றன. முதல் விதம் இரட்டைப் பிள்ளைகள். தலைக்கனம், காலைப் பிடித்தல், காக்கா பிடித்தல், இஞ்சி தின்ற குரங்கு, மூக்குமுட்டத் தின்பது: இவை இரண்டு மொழிகளிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் ஒரே பொருளில் உள்ளன. கேரளத் தேர்தல் பேச்சில் கூட்டணிக்காரரே குழிபறிப்பதைக் 'காலுவாரல்' என்கிறார்கள். தமிழ்நாட்டுக்காரருக்கு உரை தேவையில்லை. பொது மூதாதையிடமிருந்து வந்தவை எவை, பிற்காலத்தில் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கியவை எவை என்று பிரிப்பது கடினம். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் ஆசிரியராக இருந்த எல்.வி. ராமசாமி ஐயர், மலையாள உருபுகளின் வளர்ச்சி பற்றிய தம் ஆய்வை 1936இல் வெளியிட்டார். விகுதிகளைப் பொறுத்தவரை முன்பின் சொல்ல ஒலிமாற்ற விதிகள் உதவின. தொடர்களுக்கு அத்தகைய விதி இல்லை. 'பச்சைக்கொடி காட்டுதல்' போன்றவை இரண்டுக்கும் மூன்றாம் இடத்திலிருந்து, ரயிலும் ஆங்கில நாளிதழும் வந்த பிறகு சேர்ந்தவை என்பது மட்டும் தெளிவு.

இரண்டாம் விதத்தில் கருத்து ஒன்று, படம் வேறு. ஒருவன் பிழைப்பைக் கெடுப்பது தமிழில் சோற்றில் மண் அள்ளிப் போடுவது. மலையாளத்தில் கஞ்சியில் பாற்றையைப் போடுவது, அதாவது கரப்பான்பூச்சியை. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது அங்கே யானை வாயில் அம்பழங்காய். துதி பாடுவதற்குத் தமிழ் ஜால்ராவை எடுத்தது, மலையாளம் மணியை எடுத்தது: 'மணியடி.' இரண்டும் கோயிலிலிருந்து வந்தவை என்பது கவனிக்கத்தக்கது. எட்டாத மூலையிலுள்ள ஊரைத் தமிழ்நாட்டு அரசு ஊழியர் 'தண்ணியில்லாக் காடு' என்பார். மலையாளி 'ஓணம் கேறாமூல' என்பார். ஓணமே எட்டிப்பார்க்காத மூலை. பொறாமை தமிழனுக்கு வயிற்றில் எரிகிறது. மலையாளிக்குக் கண்ணில் கடிக்கிறது, 'கண்ணுகடி.' இங்கெல்லாம் கேட்கிறவருக்குப் புதிய படம் தெரிகிறது. ஒரு நொடி யோசித்துப் பிடித்துக்கொள்கிறார். தவறினாலும் சிரிப்போடு போய்விடும். ஒரே ஒரு இணை மட்டும் எதிரெதிர்த் திசையில் போகிறது. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று தமிழ் மானத்தைப் பேசுகிறது. கதிகெட்டால் புலி புல்லும் தின்னும் என்று மலையாளம் நடைமுறையைப் பேசுகிறது. இதைக் கொண்டு இரு மக்களின் குணத்தை நிறுத்துப் பார்க்க ஆசை வரும். தமிழிலும் பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்ற பழமொழி இருப்பதை நினைத்தால் அந்த ஆசை அடங்கிவிடும்.

மூன்றாம் விதம்தான் ஆபத்தானது. சொற்கள் தமிழ்ச் சொற்களே, பொருள் மட்டும் வேறு. மட்டாஞ்சேரி சந்தையில் ஓர் இளைஞன் 'எனிக்கு பணி கிட்டி' என்று சொல்வதைக் கோயம்புத்தூரிலிருந்து நேற்று வந்தவர் கேட்டால், வேலை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து கைகுலுக்கப் போவார். அவன் சொல்ல வந்ததோ, யாரோ வைத்த ஆப்பில் மாட்டிக்கொண்டேன் என்பது. அடி பலமானால் 'எட்டின்டெ பணி.' 'எல்லாம் குளமாயி' என்றால் எல்லாம் பாழாய்ப்போயிற்று. தமிழில் குளமாவது கண்கள் மட்டுமே. குடும்பத்தைக் 'குளம் தோண்டி' என்றால் குடும்பத்தை நாசமாக்கினான். குளம் தோண்டுவதைப் பேரறமாகப் போற்றிய தமிழ் மரபில் வந்தவருக்கு இது ஜீரணமாக நாளாகும். 'குழப்பமில்ல' என்ற மலையாள மறுமொழி, பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது என்று பொருள்படும். உடம்பு எப்படி என்று கேட்டதற்கு இந்தப் பதில் வந்தால், அதுவரை என்ன குழப்பம் இருந்தது என்று தமிழர் யோசிப்பார். 'வாய்நோக்கி' என்பது பெண்களை வெறித்துப் பார்ப்பவனைத் திட்டும் சொல். தமிழில் 'வாய் பார்ப்பது' வேலையில்லாமல் வேடிக்கை பார்ப்பது. கண்டிப்பு உண்டு, களங்கம் இல்லை. மறுபக்கத் தொல்லையும் உண்டு. 'பட்டிதொட்டியெங்கும் வெற்றிநடை' என்ற தமிழ்ச் சினிமா விளம்பரத்தைப் படிக்கும் மலையாளிக்கு முதலில் நினைவுக்கு வருவது நாய்தான்; மலையாளத்தில் பட்டி என்றால் நாய்.

கேரளத்தில் பல தலைமுறையாக வாழும் தமிழர் வீடுகளில் இந்த மூன்றாம் விதம் மெல்லக் கலந்து தீர்வு காண்கிறது. கேரளத் தமிழ்ப் பிராமணர் பேச்சில் 'கொழப்பமில்லை' என்பதும் 'சாரமில்லை' என்பதும் மலையாளப் பொருளிலேயே புழங்குகின்றன. வினைமுற்றும் வேற்றுமை உருபும் தமிழாகவே இருக்கும். தொடரின் பொருள் மட்டும் குடிமாறியிருக்கும். இதைக் கலப்படம் என்று குறைசொல்வது எளிது. ஆனால் மொழிகள் நெருங்கி வாழும்போது இலக்கணத்துக்கு முன்பே மரபுத்தொடர் மாறிவிடும் என்பதற்கு இது நல்ல சான்று. மொழியியலாளர் மர்ரே எமனோ 1956இல் இந்தியாவை ஒரே மொழிப்பரப்பாகப் பார்க்கலாம் என்று எழுதியபோது எடுத்துக்கொண்டவை ஒலிகளும் இலக்கணக் கூறுகளும். அன்றாடத் தொடர்களை அப்படிக் கணக்கெடுத்தால் பரப்பு இன்னும் அடர்த்தியாகத் தெரியும்.

நேராகச் சொல்ல முடிகிற ஒன்றை ஏன் மரபுத்தொடராகச் சொல்ல வேண்டும்? அழகுக்காக என்ற பதில் பள்ளிக்கூடத்தோடு சரி. கடைத்தெருவில் காரணங்கள் வேறு. முதலாவது, பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது. 'நீ என்னை ஏமாற்றினாய்' என்று கடன்காரரிடம் சொன்னால் சண்டை. 'தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறீர்களே' என்றால் குற்றச்சாட்டும் ஆகிறது, கேலியும் ஆகிறது. எதிராளி சிரித்துக்கொண்டே இறங்கிவர இடம் இருக்கிறது. இரண்டாவது, அளவைச் சொல்லாமல் தீவிரத்தைச் சொல்வது. 'இந்த மாதம் துண்டு விழுகிறது' என்றால் எவ்வளவு என்று சொல்லாமலே கையில் போதவில்லை என்று தெரிவித்துவிடலாம். மூன்றாவது, நம்மவர் யார் என்று காட்டுவது. மலையாள இளைஞர்கள் ஏமாந்தவனைச் 'சசியாயி' என்பார்கள். யார் இந்தச் சசி என்று கேட்பவர் அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர். தமிழில் கைப்பொருள் போனதை 'எல்லாம் கோவிந்தா' என்பதற்கும் திருப்பதிக் கூட்டத்துக்கும் உள்ள தூரத்தைப் பேசுகிறவர் யாரும் அளப்பதில்லை. அப்படி அளக்காதவரைதான் அது மரபுத்தொடர்.

பவணந்தியின் குழூஉக்குறி இந்த மூன்றாவது காரணத்தின் தொழில் வடிவம். தமிழ்நாட்டு மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது ஊமைக் குழூஉக்குறி. மட்டாஞ்சேரியில் அதற்கு எதிர்மாறானதும் இருந்தது. 1957இல் யூதத் தெருவில் தொடங்கிய மிளகு முன்பேரச் சந்தையில், கூடத்தில் நின்று கூவியே விலை பேசினார்கள். கணினி வந்தபின் அந்தக் கூவல் ஓய்ந்தது. மிளகு வணிகத்தில் இன்றும் ஒரு தரச் சரக்கின் பெயர் 'மலபார் கார்பிள்டு.' இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குத் தாறுமாறாகத் திரிந்தது என்று பொருள். மிளகுக்காரருக்கோ சலித்துத் தூசியும் கல்லும் நீக்கியது என்று பொருள். சலிப்பதைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பழம்பொருள் இதுதான். வெளியுலகம் பொருளை மாற்றிக்கொண்டது; சரக்குக் கிடங்கு மாற்றிக்கொள்ளவில்லை. ஆங்கிலம் மட்டும் படித்துவிட்டு இந்த வணிகத்துக்குள் நுழைகிறவர் மிக நல்ல மிளகைக் கெட்ட மிளகு என்று நினைத்துவிடக்கூடும்.

இவற்றைத் திரட்டும் முயற்சிகள் இரு மொழிகளிலும் நடந்திருக்கின்றன. டி. ராமலிங்கம் பிள்ளையின் 'மலையாள சைலீ நிகண்டு' 1937இல் வந்தது. தமிழில் மொழி அறக்கட்டளையின் 'தற்காலத் தமிழ் மரபுத்தொடர் அகராதி' 1997இல் வந்தது. பொது அகராதிகளில் சொல்லுக்கு அடியில் ஒதுக்கப்பட்டிருந்த தொடர்கள் இவற்றில் தனித் தலைப்பைப் பெற்றன. இப்படிப்பட்ட அகராதியில் முதல் சிக்கல் தேடும் இடம். கஞ்சியில் பாற்றையைப் போட்டதைக் கேட்டவர் கஞ்சியின் கீழ்த் தேடுவதா, பாற்றையின் கீழ்த் தேடுவதா? இரண்டாவது சிக்கல், பொருள் சரியாக இருந்தும் பயன்படுத்தத் தெரியாமல் போவது. காக்கா பிடித்தல் முகத்துக்கு நேரே சொல்லத்தக்கதா, முதுகுக்குப் பின்னாலா? மூத்தவரிடம் சொல்லலாமா? பொருளோடு இந்தக் குறிப்பும் இல்லையென்றால் பதிவு பாதிதான்.

தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையே இருமொழி மரபுத்தொடர் அகராதி ஒன்றைத் தொகுக்கிறவர், மேலே சொன்ன மூன்று விதங்களையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை. இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரு வரி போதும். படம் மாறியவற்றைக் கேட்டவர் புரியாமல் திகைத்து, தாமே பொருள் கேட்டுவிடுவார். பணியையும் குளத்தையும் குழப்பத்தையும் பற்றி அவர் யாரிடமும் கேட்க மாட்டார்; தமக்குப் புரிந்துவிட்டது என்றே இருப்பார். அகராதியில் அதிக இடம் தர வேண்டியது அவற்றுக்கே. அதிலும் 'பணி கிட்டி' என்பதற்கு நேர்ப்பொருளும் வழக்கில் இருப்பதால், இரண்டு பொருளையும் தந்து, புதிதாக வேலையில் சேர்ந்தவர் முகம் மலர்ந்து சொன்னால் முதற்பொருள், நொந்துகொண்டு சொன்னால் இரண்டாம் பொருள் என்று எழுதிவிடுவது நல்லது.